அலாரம் நின்றதும் வெளியேறவும்

இங்கிலீஷில் ‘கோ ஆஃப்’ என்று இரண்டு சின்ன வார்த்தைகள் சேர்ந்து வரும். ‘கோ’ என்றால் போ. ‘ஆஃப்’ என்றால் என்னவென்று இராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். கரண்ட் ஆஃப், மோட்டார் ஆஃப், ஞாயிற்றுக்கிழமை மில் ஆஃப். இரண்டும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், ‘எந்த வாக்கியத்தில்?’ என்று திருப்பிக் கேட்பேன். அப்படிக் கேட்கப் பழகுவதற்குள் இரண்டு பெண்களின் உயிரோடு விளையாடிவிட்டேன்.

ஆஸ்பத்திரிகளுக்குப் புண்ணில் வைத்துக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துவந்தவன் நான். வெளிநாட்டிலிருந்து வருவதைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முதலாளி சொல்வதை இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். தொழிலாளர்கள் என்னை ‘லெட்டர் சார்’ என்பார்கள். லெட்டர் போய் மெயில் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இப்போது அந்த மாதிரி நாற்காலிகளில் இளைஞர்களாகிய நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் கைப்பேசி இருக்கிறது, எந்த வார்த்தையைத் தட்டினாலும் அர்த்தம் வருகிறது என்று நினைப்பீர்கள். நான் சொல்லப்போகிற சம்பவத்தின்போது என் சட்டைப்பையிலும் கைப்பேசி இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதுதான் நான் உங்களிடம் பேச வந்த விஷயம்.

முதலில் வந்தது ஒரு சின்ன மெயில். எங்கள் சரக்கில் ஒரு பகுதி தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாங்குகிறவர்களின் ஆள் அங்கே அதைச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. மீதிச் சரக்கோடு இரண்டாவது லாரி அன்று காலையில் கிளம்பியிருந்தது. மெயிலில் ஒரே வரி: ‘இன்ஸ்பெக்‌ஷன் வென்ட் ஆஃப் வெல்.’

‘வெல்’ என்ற வார்த்தை எனக்கு இடித்தது. ஆனாலும் ‘கோ ஆஃப்’பின் இறந்தகாலமான ‘வென்ட் ஆஃப்’ கண்ணில் பட்டுவிட்டதே. நேரே முதலாளியிடம் போனேன்.

“முதலாளி, இன்ஸ்பெக்‌ஷன் ஆஃப் ஆயிருச்சாம்.”

“என்னய்யா சொல்லுதீரு? ஏன் ஆஃப் ஆச்சு?”

“காரணம் எழுதல.”

அவர் உடனே லாரி டிரைவருக்குப் போன் போட்டார். லாரி கோவில்பட்டிக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் அரை நாள் நின்றது. மத்தியானம் எங்கள் டிஸ்பாட்ச் மேனேஜர் வந்தார். அவர் பெயரைச் சொல்வதை அவர் விரும்ப மாட்டார். என் மேஜைமீது குனிந்து மெயிலைப் படித்தார்.

“நல்லா ஆஃப் ஆச்சுன்னா என்ன அர்த்தம்யா? நல்லபடியா கேன்சல் ஆச்சுன்னா?”

“அதான் சார் எனக்கும் கொழப்பமா இருக்கு.”

“கொழப்பமா இருந்தா அவங்கிட்டயே கேக்க வேண்டியதுதான? புரியல, வேற மாதிரிச் சொல்லுங்கன்னு எழுதும். வெள்ளைக்காரன் கோவிச்சுக்கிட மாட்டான்.”

எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சோதனை நல்லபடியாக நடந்து முடிந்ததாம். லாரி மறுபடி கிளம்பியது. அன்றைக்கு நான் இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும். ஒன்று, ‘வென்ட் ஆஃப்’ என்றால் நடந்து முடிந்தது என்றும் அர்த்தம். இன்னொன்று, புரியவில்லை என்றால் கேட்கலாம். முதல் பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டாவது என் வயதுக்கும் அனுபவத்துக்கும் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது.

அடுத்தது பால். அதே வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். விருந்தினர் அறையில் சமையல்காரர் அவருக்கு ஒரு டம்ளர் பால் வைத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பால் ‘கான் ஆஃப்’ ஆகிவிட்டதாக நினைக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குத்தான் இப்போது அர்த்தம் தெரியுமே. நல்லபடியாக நடந்தது. முகத்தில் சிரிப்பு வேறு இருக்கிறது. சமையல்காரரைக் கூப்பிட்டு, “பால் பிரமாதமா இருக்காம், இன்னொரு டம்ளர் கொண்டாங்க” என்றேன்.

இரண்டாவது டம்ளரைப் பார்த்ததும் அந்த மனிதரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். இது இந்த ஊர் மரியாதையோ என்னவோ என்று நினைத்திருப்பார் போலும். கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, சமையல்காரருக்கு மூக்கு இருந்தது. ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினார்.

“சார், பால் திரிஞ்சுபோச்சு. இதையா பிரமாதம்னு சொன்னாரு?”

ஆக, கெட்டுப்போவதற்கும் அதே ‘கோ ஆஃப்’தான். நின்றாலும் அதுதான், நன்றாக நடந்தாலும் அதுதான், புளித்துப்போனாலும் அதுதான். ஒரு பாஷையில் இப்படியும் செய்வார்களா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு வார்த்தையின் மூன்று அர்த்தங்களும் தெரிந்தவன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

பெருமையோடு இருந்த அந்தச் சமயத்தில்தான் புது இயந்திரம் வந்தது. பேக் செய்த பேண்டேஜை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து, விஷ வாயுவைச் செலுத்திக் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம் அது. கிருமியைக் கொல்கிற வாயு மனிதரைச் சும்மா விடாது. அதனால் அறைச் சுவரில் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். வாயு வெளியே கசிந்தால் அது அலாரம் அடிக்கும்.

பொருத்த வந்த மெக்கானிக் வடக்கே இருந்து வந்தவர். தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. எங்களை எல்லாம் அறையில் நிற்கவைத்து, ஒரு பொத்தானை அமுக்கி அலாரத்தை அடித்துக் காட்டினார். காதைப் பிளக்கும் சத்தம். எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தோம். சத்தம் நின்றதும் அவர் கையை ஆட்டி, “ஓகே, கோ, கோ” என்றார். வெளியே வந்தோம். அன்று சாயங்கால வண்டியிலேயே அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த அறையில் வேலைக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். ஒருவர் செல்வமேரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர், எங்கள் கம்பெனியில் பல வருடம் இருந்தவர். எந்த வேலையைக் கொடுத்தாலும், ஏன் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் செய்வார். இன்னொருத்தி முத்துமாரி. தேவதானத்துப் பெண், அப்பாவுக்கு விவசாயம், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. செல்வமேரி எங்கே நிற்கிறாரோ அங்கே நிற்பாள்.

இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் பாதுகாப்பு விதிகள் இருந்தன. தமிழில் போர்டு எழுதி மாட்ட வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொன்னார். அதில் ஒரு விதி: அலாரம் ‘கோஸ் ஆஃப்’ ஆகும்போது உடனே அறையை விட்டு வெளியேறு, திரும்ப உள்ளே போகாதே.

நான் எப்படி யோசித்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன். அலாரம் நன்றாக நடந்து முடிந்தால் வெளியேறு. இது சரியாக வரவில்லை. அலாரம் கெட்டுப்போனால் வெளியேறு. இதற்குக் கொஞ்சம் பொருள் இருந்தாலும், கெட்டுப்போனது உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அலாரம் நின்றால் வெளியேறு. இது பொருந்துகிறது! மெக்கானிக் செய்து காட்டியதும் அதைத்தானே? மூன்றில் இரண்டைக் கழித்து ஒன்றைப் பிடித்துவிட்டேன். நாலாவதாக ஓர் அர்த்தம் இருக்கலாம் என்பதே என் மூளையில் ஏறவில்லை. தெரியாதவன் கைப்பேசியில் தேடுவான். நான் தெரிந்தவன்.

பெயிண்டர் வந்து எழுதினார், பச்சையில் வெள்ளை எழுத்து: ‘அலாரம் நின்றதும் உடனே அறையை விட்டு வெளியேறவும். திரும்ப உள்ளே போகக் கூடாது.’

அறைச் சுவரில் மாட்டிய அன்றே செல்வமேரி என் மேஜைக்கு வந்தார்.

“சார், ஒரு சந்தேகம். சத்தம் எதுக்கு அடிக்குது?”

“வாயு கசிஞ்சா அடிக்கும்.”

“அப்ப அடிக்கும்போது உள்ள நிக்கணும், நின்ன பொறவு ஓடணுமா?”

கேள்வி எனக்கே நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தப்பான அர்த்தத்துக்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்க மனதுக்கு அரை நிமிடம் போதும். “சத்தம் அடிக்கும்போது மெஷின் வாயுவை வெளிய தள்ளிக்கிட்டு இருக்கும்மா. அந்த நேரம் கதவைத் தொறந்தா வாயு பேக்கிங் ஹாலுக்கு வந்துரும். நின்னப்புறம் பத்திரமா வெளிய வரலாம்” என்றேன். இப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை முத்துமாரியும் அவர் பின்னால் நின்றாள்.

“சார், எங்க வீட்டுக்காரரும் கேக்காரு. சத்தம் போட்டா ஓடத்தான செய்வாவ? நீங்க அந்தப் புஸ்தகத்தை இன்னொரு வாட்டி பாருங்களேன்.”

மேஜையில் அவசரமாகப் போக வேண்டிய கடிதங்கள் கிடந்தன. “புஸ்தகத்தைப் படிச்சவன் நானா, உங்க வீட்டுக்காரரா? போர்டுல இருக்கிறதைச் செய்ங்க” என்றேன். அவர் “சரி சார்” என்று போய்விட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு கடிதத்துக்குச் சரக்கின் பேட்ச் நம்பர் தேவைப்பட்டது. வாங்கி வரலாம் என்று நானே அந்த அறைப் பக்கம் நடந்தேன். பேக்கிங் ஹாலைத் தாண்டும்போது அலாரம் கேட்டது. ஹாலில் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் அது தூரத்துச் சத்தம் மாதிரித்தான் இருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “எவ்வளவு நேரமா அடிக்குது?” என்றேன். “செத்த நேரமா அடிக்குது சார்” என்றாள், பேண்டேஜை மடித்துக்கொண்டே.

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தேன்.

இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். செல்வமேரி சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முத்துமாரி செல்வமேரியின் தோளைப் பிடித்துக்கொண்டு லேசாக ஆடினாள். கதவு அவர்களுக்கு ஐந்தடி தூரத்தில் இருந்தது. பூட்டவில்லை, தாழ் போடவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். “வெளிய வாங்க!”

செல்வமேரி என்னைப் பார்த்தார். கையை உயர்த்தி போர்டைக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மெல்லத்தான் வந்தது.

“இன்னும் நிக்கல சார்!”

அந்தக் கணத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். தெளியவில்லை. இன்னும் குழம்பினேன். நான் சொன்ன நியாயம் ஒருவேளை நிஜமாகவே இருந்துவிட்டால்? கதவைத் திறந்தால் பின்னால் இருக்கிற ஹால் முழுக்கப் பெண்கள். திறக்காவிட்டால் இந்த இரண்டு பேர். புத்தகம் ஆபீஸில் இருக்கிறது. கேட்பதற்கு யாருமில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மண்டைக்குள் சுற்றியது, ஒன்றும் உதவிக்கு வரவில்லை. கண்ணாடிக்குள் முத்துமாரியின் கால் மடங்குவதைப் பார்த்தேன். அர்த்தத்தை விட்டேன். கதவைத் திறந்து செல்வமேரியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் முத்துமாரியை விடாமல் பிடித்திருந்ததால் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

கதவை இழுத்துச் சாத்தினேன். “எல்லாரும் வெளிய! அப்படியே போட்டுட்டு வாங்க!” என்று கத்திக்கொண்டே ஹால் வழியாக ஓடினோம். அத்தனை பேரும் முற்றத்துக்கு வந்து கேட் ஓரமாக வேப்ப மரத்தடியில் நின்றார்கள். முத்துமாரி தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அப்போது எனக்கு இன்னொரு புத்தி வந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை நிறுத்த வேண்டாமா? செய்த தப்பைச் சரிக்கட்டும் வெறியோ என்னவோ, திரும்ப உள்ளே ஓடப் புறப்பட்டேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்கள். செல்வமேரிதான். கண் திறக்க முடியாமல் சிவந்திருந்தது.

“எங்க போறிய? திரும்ப உள்ள போகக் கூடாதுன்னு நீங்கதான சார் எழுதியிருக்கிய?”

நின்றுவிட்டேன். அந்தப் போர்டில் நான் சரியாக எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான்.

இயந்திரத்தை அதன் பிறகு எப்படி அடக்கினார்கள் என்பது மெக்கானிக்குகள் சொல்ல வேண்டிய கதை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சேர்த்தோம். வேலையில் இருந்த டாக்டர் இளைஞர். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்று கேட்டார். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கும் என்றேன்.

“கதவு பூட்டியிருந்துச்சா?”

“இல்ல.”

“பின்ன ஏன் வெளிய வரல?”

வராந்தாவுக்கு வந்து, கைப்பேசியை எடுத்து, முதல் முறையாக அந்த இரண்டு வார்த்தையைத் தட்டினேன். பட்டியல் நீளமாக வந்தது. வெடித்தல், கிளம்பிப் போதல், கெட்டுப்போதல், அணைதல், நடந்தேறுதல். நடுவில் ஒரு வரி: அலாரம், மணி முதலியன திடீரென ஒலித்தல். நாம் நிற்பதற்குச் சொல்கிற ‘ஆஃப்’பை வைத்து அவர்கள் ஒலிப்பதற்குச் சொல்கிறார்கள். அடித்தவுடன் ஓடு என்று புத்தகம் சொன்னதை, அடித்து முடியும்வரை நில் என்று நான் எழுதியிருந்தேன்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். தலைவலியும் வாந்தியும் கண் எரிச்சலும் சில நாளில் அடங்கின. முத்துமாரியின் அப்பா தேவதானத்திலிருந்து வந்தார். என்னோடு சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். “என் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னார். அவள் பிறகு எங்கள் கம்பெனிப் பக்கமே வரவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு நடந்ததை அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் ஒப்பந்தம். மதுரையில் இருந்த ஓர் ஆலோசகர் முதலாளிக்கு ஒரு வரைவு அனுப்பியிருந்தார். அதில் முக்கியமான வரி இது: ‘வென் தி அலாரம் வென்ட் ஆஃப், தி ஆபரேட்டர்ஸ் டிட் நாட் லீவ் தி ரூம்.’ அதாவது, அலாரம் ஒலித்தபோது தொழிலாளர்கள் அறையை விட்டு வெளியேறவில்லை. விதியை மீறினார்கள் என்று அடுத்த வரி.

முதலாளி அதை என்னிடம் நீட்டினார். “இதை அப்படியே அனுப்பிரும்.”

படித்தேன். எனக்குப் பெரிய மலைப்பாக இருந்தது. இங்கிலீஷில் முதல் வரி நூற்றுக்கு நூறு உண்மை. அலாரம் அடித்தது, அவர்கள் வெளியேறவில்லை. அதே வரியை நான் எழுதிய போர்டின் கீழே நின்று படித்தால் வடிகட்டிய பொய். அவர்கள் ஒரு எழுத்து பிசகாமல் விதிப்படி நின்றவர்கள்.

“முதலாளி, இதுல இங்கிலீஷ் தப்பில்ல. ஆனா இது நடந்தது இல்ல.”

“ஏமய்யா, புரியிற மாதிரிச் சொல்லும்.” அவருக்கு மனசு சரியில்லை என்றால் வீட்டுத் தெலுங்கு ஒரு சொல் முன்னால் வந்து விழும்.

சொன்னேன். போர்டு, மூன்று அர்த்தம், நாலாவது அர்த்தம், எல்லாம். அவர் மோசமான மனிதர் அல்ல. கம்பெனி மூடிவிட்டால் அத்தனை குடும்பமும் என்ன செய்யும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

“உம்ம பேரைப் போட்டா எழுதப் போறீரு?”

“ஆமா.”

“அவன் ஆர்டரை நிறுத்திட்டான்னா?”

“தெரியல முதலாளி. ஆனா அந்தப் பொம்பளை மேல பழியைப் போட முடியாது. அவ என் சட்டையைப் பிடிச்சு இழுக்கலேன்னா இப்ப உங்க முன்னால நான் நிக்க மாட்டேன்.”

அவர் ஆலோசகரின் தாளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். “எழுதும். அந்தம்மா கையெழுத்தும் வேணும். பொறவு ஒரு பேச்சு வரக் கூடாது.”

அறிக்கை போன பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்டரைச் சில மாதம் நிறுத்திவைத்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து அறையைப் பார்த்தார், எல்லோரிடமும் பேசினார், பிறகு ஆர்டரைத் திரும்பத் தந்தார்கள். என் வேலை போகவில்லை. ஆனால் போர்டு எழுதும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அது நியாயம். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் போர்டையும் மாட்டுவதற்கு முன்னால், அதன் கீழே நின்று வேலை செய்யப்போகிறவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்வது தப்பாக இருந்தால் தப்பு போர்டில்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கம்பெனியில் அது இல்லையென்றால் நீங்கள் தொடங்குங்கள்.

இனி, அந்த அறிக்கையில் கையெழுத்து வாங்கச் செல்வமேரி வீட்டுக்குப் போன நாள்.

அறிக்கையை இங்கிலீஷில் டைப் செய்து எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நாலு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. புத்தகத்தின் வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு நான்தான் தமிழில் எழுதினேன், தொழிலாளர்கள் அதன்படியே நின்றார்கள், அவர்கள்மீது குற்றம் ஏதுமில்லை. தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அவர்கள் வீடு ஒரு சந்தில், கீழ் வீடு. கணவர் வேலைக்குப் போயிருந்தார். செல்வமேரி பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுற்றி இன்னும் கறுப்பு இருந்தது. எழுந்திருக்கப் போனவரை வேண்டாம் என்று தடுத்து, எதிரே உட்கார்ந்தேன்.

“கையெழுத்து வேணும்மா.”

“என்ன எழுதியிருக்கியன்னு வாசிங்க. தமிழ்ல.”

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி. கடைசி வரியை வாசித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பேன் போலிருக்கிறது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரிதான் சார். நான் ரெண்டு வாட்டி உங்ககிட்ட வந்து கேட்டேம்லா? அது எங்க இருக்கு?”

“அது... அறிக்கைக்கு அது தேவையில்லம்மா. தப்பு என் பேர்லதான் இருக்குன்னு எழுதிட்டேனே.”

“உங்க தப்பை நீங்க எழுதிட்டிய. படிக்கிறவுக எங்களை என்ன நினைப்பாவ? ரெண்டு பொம்பளைய, ஒண்ணும் தெரியாம மண்ணு மாதிரி நின்னுட்டு இருந்தாவன்னுதான நினைப்பாவ? நான் தெரியாம நிக்கல. சந்தேகம் வந்துச்சு, கேட்டேன். நீங்க சொன்னிய, அதனால நின்னேன். மாரியையும் நிக்கச் சொன்னேன்.”

‘மாரியையும் நிக்கச் சொன்னேன்’ என்றபோது அவர் குரல் உடைந்தது. அதுவரை அழாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பாரத்தை அவர் இத்தனை நாளும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவேயில்லை. ஒரு வார்த்தையைத் தவறாகப் படித்ததை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இல்லை. அது பாஷை செய்த கோளாறு, யாருக்கும் வரும். ஒரு மனுஷி வந்து இரண்டு முறை கேட்டும் காதில் வாங்காததைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன். அதைப் பாஷைமேல் போட முடியாது.

பேனாவை எடுத்து, தாளின் அடியில் இருந்த இடத்தில் இங்கிலீஷில் கையால் எழுதினேன். செல்வமேரி சரியான கேள்வியை இரண்டு முறை என்னிடம் கேட்டார். புத்தகத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், யார் படித்தாலும் ஒரே அர்த்தம்தான் வரும்.

“இப்ப வாசிங்க” என்றார்.

வாசித்தேன். அவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.